கச்சா எண்ணெயில் கரைந்த வாயு: செப்பரேட்டர் போதுமா, சூடாக்க வேண்டுமா, கோபுரம் வேண்டுமா?

எண்ணெய் டேங்கின் மேல்மூடியைத் திறந்தால் சில நாள் காற்று நெளிவது கண்ணுக்கே தெரியும். கடும் வெயிலில் தார்ச்சாலைக்கு மேலே தெரியுமே, அதே நெளிவு. ஆனால் இது வெயிலின் வேலை இல்லை. எண்ணெயிலிருந்து கிளம்பி வரும் புரோப்பேனும் பியூட்டேனும்தான் அப்படி நெளிகின்றன. மட்டம் பார்க்கவும் மாதிரி எடுக்கவும் அந்த மூடியைத் திறந்து குனிந்தவர்களில் 9 பேர் 2010 முதல் 2014 வரை அமெரிக்க எண்ணெய் வயல்களில் இறந்ததாக அந்நாட்டின் தொழில் பாதுகாப்பு அமைப்புகள் கண்டறிந்தன. வெடிப்பு இல்லை, தீ இல்லை. மூச்சில் ஹைட்ரோகார்பன் ஆவி நிறைந்து, ஆக்சிஜன் குறைந்து, நின்ற இடத்திலேயே சரிந்தவர்கள்.

அந்த ஆவி டேங்குக்கு வந்திருக்கவே கூடாது. அதற்கு முன்பே அதைப் பிரித்து எடுத்திருக்க வேண்டும். எங்கே, எப்படி, எவ்வளவு எடுப்பது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

நிலத்தடியில் பல நூறு பார் அழுத்தத்தில் (ஒரு பார் என்பது ஏறக்குறைய வளிமண்டல அழுத்தம்) கிடக்கும்போது வாயு எண்ணெய்க்குள் கரைந்தே இருக்கிறது. மேலே வர வர அழுத்தம் குறைகிறது, வாயு பிரிகிறது, எண்ணெய் சுருங்குகிறது. கீழே ஒன்றரை பேரல் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது டேங்கில் ஒரு பேரலாக நிற்பதும் உண்டு. பிரிய வேண்டிய வாயு முழுவதும் பிரியாமலே எண்ணெயை லாரியிலோ ரயிலிலோ கப்பலிலோ ஏற்றினால், மிச்சம் வழியில் பிரியும். ஏற்றும் முன்பே எடுத்துவிடும் வேலைக்கு நிலைப்படுத்தல் என்று பெயர். களத்தில் ஸ்டெபிலைசேஷன் என்றே சொல்வார்கள்.

பெரும்பாலான இடங்களில் முடிவெடுக்கும் முறை இப்படி இருக்கிறது: வாங்குபவர் ஆவியழுத்தத்துக்கு, அதாவது எண்ணெயிலிருந்து கிளம்பும் ஆவி தரும் அழுத்தத்துக்கு, ஓர் எண் கொடுக்கிறார், அந்த எண்ணுக்குள் கொண்டுவரும் மிக மலிவான கருவியைத் தேடுகிறோம். இந்த வரிசை தவறு என்பது என் எண்ணம். அதற்கு முன் இரண்டு கேள்விகளுக்குப் பதில் வேண்டும். எடுக்க வேண்டியது எந்த வாயு? எடுத்த பிறகு அது எங்கே போகும்?

முதல் கேள்விக்குக் கொதிநிலைகளைப் பார்த்தாலே பாதிப் பதில் கிடைத்துவிடும். மீத்தேன் மைனஸ் 161 டிகிரி செல்சியஸிலும் ஈத்தேன் மைனஸ் 89 இலும் கொதிப்பவை. அழுத்தம் இறங்கினாலே ஓடிவிடும், இவற்றைப் பற்றிக் கவலை வேண்டாம். பென்டேன் 36 டிகிரி. அது எண்ணெயின் ஆள், இருந்துவிட்டுப் போகட்டும். நடுவில் இருக்கும் புரோப்பேனும் பியூட்டேனும்தான் இரண்டுங்கெட்டான்கள். புரோப்பேன் மைனஸ் 42, பியூட்டேன் பூஜ்ஜியத்துக்குச் சற்றுக் கீழே. எண்ணெயில் விட்டால் ஆவியழுத்தம் ஏறும், வாயுவில் விட்டால் கம்ப்ரசரில் திரவமாகித் தொல்லை தரும். ஆனால் எண்ணெயில் தங்கும் ஒவ்வொரு லிட்டர் பியூட்டேனும் எண்ணெய் விலைக்கே விற்கும். ஆகவே ‘எல்லாவற்றையும் எடுத்துவிடு’ என்பதும் சரியான பதில் இல்லை.

இதே வரிசையில் ஒரு கொடிய விருந்தாளியும் உண்டு: ஹைட்ரஜன் சல்பைடு என்ற கந்தக நச்சு வாயு. அதன் கொதிநிலை மைனஸ் 60. அதாவது ஈத்தேனுக்கும் புரோப்பேனுக்கும் நடுவே வந்து உட்கார்ந்திருக்கிறது. அதைத் துரத்த முயன்றால் பக்கத்தில் இருக்கும் புரோப்பேனும் சேர்ந்தே கிளம்பும். பின்னால் வரப்போகும் ஒப்பீட்டில் பாதி இந்த ஒரு விஷயத்தால் முடிவாகிறது.

அந்த எண்ணை நம்பும் முன்

ஆவியழுத்தத்தை அளக்கும் பழைய முறை ரீட் முறை. குளிரவைத்த மாதிரியை ஒரு சிறு கலனில் எடுத்து, அதைப்போல் நான்கு மடங்கு கொள்ளளவுள்ள காற்றறையோடு பொருத்தி, 37.8 டிகிரி நீர்த்தொட்டியில் வைத்துக் குலுக்கி, அழுத்தத்தைப் படிக்க வேண்டும். பெட்ரோலுக்கு இது பொருந்தும். வாயு கரைந்த கச்சா எண்ணெய்க்கு இதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது: மாதிரியைத் திறந்த பாட்டிலில் ஊற்றும்போதே அளக்க வேண்டிய பொருளில் ஒரு பகுதி பறந்துவிடும். அப்புறம் கருவி காட்டும் எண் நல்லதாகத்தான் இருக்கும். அதனால்தான் இப்போது மிதக்கும் பிஸ்டன் உள்ள சிலிண்டரில் காற்றே படாமல் மாதிரி பிடித்து அளக்கும் முறை வந்திருக்கிறது. இரண்டு கருவித் திட்டங்களை ஒப்பிடும்போது ஒன்றின் எண் ரீட் முறையிலும் மற்றொன்றின் எண் பிஸ்டன் முறையிலும் இருந்தால், அந்த ஒப்பீட்டைத் தூக்கி ஓரமாக வைத்துவிடலாம்.

ஏற்றுமதிக்குப் பொதுவாகக் கேட்கப்படும் ரீட் அளவு 10 முதல் 12 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அலகு). வளிமண்டல அழுத்தம் 14.7 பிஎஸ்ஐ என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள், இடைவெளி சிறியதுதான். ஹைட்ரஜன் சல்பைடுக்குத் தனி வரம்பு உண்டு. எடையில் பத்து லட்சத்தில் 10 முதல் 60 பங்கு வரை என்பது வழக்கம்.

2013 ஜூலை 6 அன்று கனடாவின் லாக்-மெகாந்திக் ஊரில் கச்சா எண்ணெய் ரயில் ஒன்று ஆளில்லாமல் உருண்டு வந்து தடம்புரண்டு எரிந்தது. 47 பேர் இறந்தார்கள். ஏற்றியிருந்தது அமெரிக்காவின் வட டகோட்டா மாநிலத்துப் பாக்கன் வயல்களின் லேசான எண்ணெய். அதன் பிறகு அந்த மாநிலம் ஆவியழுத்த உச்சவரம்பாக 13.7 பிஎஸ்ஐ வைத்தது. 2015 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. வாஷிங்டன் மாநிலம் 2019 இல் 9 பிஎஸ்ஐ கேட்டுச் சட்டம் போட்டது, மறு ஆண்டே மத்திய அரசு அதைச் செல்லாததாக்கியது. அதற்கு ஒரு காரணமாகக் காட்டப்பட்டவை அமெரிக்க அரசின் சாண்டியா ஆய்வகத்தின் தீச்சோதனைகள். எண்ணெய் கொட்டி எரியத் தொடங்கிய பிறகு வெப்ப அபாயத்தின் அளவில் ஆவியழுத்தம் சொல்லத்தக்க வேறுபாடு காட்டவில்லை என்பது அவற்றின் முடிவு. ஆக, இந்த எண் தீயின் சீற்றத்தை அளக்கும் எண் இல்லை. டேங்கிலிருந்தும் வேகனிலிருந்தும் எவ்வளவு ஆவி கிளம்பும், பம்பு இழுக்கும்போது குமிழி வருமா, மூடியைத் திறப்பவர் என்ன சுவாசிப்பார் என்பதைச் சொல்லும் எண். அந்த அளவில் அது மிக முக்கியமானது.

கட்டம் கட்டமாக அழுத்தம் இறக்குவது

எல்லாத் திட்டங்களும் இங்கிருந்துதான் தொடங்குகின்றன. கிணற்றிலிருந்து வரும் கலவையை ஒரே மூச்சில் டேங்க் அழுத்தத்துக்கு இறக்காமல், இரண்டு, மூன்று செப்பரேட்டர்கள் (வாயுவையும் எண்ணெயையும் பிரியவிடும் கலன்கள்) வழியாகப் படிப்படியாக இறக்குவது. படிகள் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் இருந்தால் நல்லது. 64 பாரில் வருவதை 1 பாருக்குக் கொண்டுவர வேண்டுமா? 64, 16, 4, 1 என்று நான்கால் வகுத்துக்கொண்டே வரலாம். இது தொடக்கக் கணக்குதான். சரியான அழுத்தத்தை எண்ணெயின் கலவையை வைத்துக் கணினியில் கூட்டிக் குறைத்துப் பார்த்தே முடிவு செய்வார்கள்.

படிப்படியாக இறக்கினால் ஏன் எண்ணெய் அதிகம் மிஞ்சுகிறது? உயர் அழுத்தத்தில் பிரிவது பெரும்பாலும் மீத்தேன். அதை அங்கேயே வழியனுப்பிவிட்டால் கீழ்க் கட்டங்களில் கிளம்ப மீத்தேன் குறைவாகத்தான் இருக்கும். ஒரே மூச்சில் இறக்கினால் மீத்தேன் கூட்டமாகப் பொங்கி, பியூட்டேன், பென்டேன் என்று பக்கத்தில் இருப்பவற்றையெல்லாம் இழுத்துக்கொண்டு போய்விடும். ஒரு கட்டத்திலிருந்து இரண்டுக்குப் போகும்போது மிஞ்சும் எண்ணெயில் நல்ல வித்தியாசம் தெரியும். மூன்றாவதும் பல வயல்களில் தன் செலவைத் தானே மீட்டுக்கொள்ளும். நான்காவது பெரும்பாலும் வீண். கடலில் மேடைமேல் என்றால் அதன் எடைக்கே பதில் சொல்ல முடியாது.

செலவு குறைவு, சுழலும் பாகம் இல்லை, எரிபொருள் வேண்டாம், உற்பத்தி பாதியாகக் குறைந்தாலும் வேலை செய்யும். இவ்வளவு நல்லது எல்லாம் இருந்தும் ஒரு சுவர் குறுக்கே நிற்கிறது. கடைசிச் செப்பரேட்டரிலிருந்து வெளியேறும் எண்ணெயின் ஆவியழுத்தம் அந்தக் கலனின் அழுத்தத்துக்குச் சமம், அந்தக் கலனின் வெப்பநிலையில். இந்த ஒரு வாக்கியத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாக விளங்கும். கடைசிக் கலன் ஒரு பாருக்குச் சற்று மேலே, 20 டிகிரியில் ஓடுகிறது என்று வையுங்கள். அங்கே எண்ணெய் அமைதியாகத்தான் இருக்கும். அதே எண்ணெய் 38 டிகிரி வெயிலில் நிற்கும் டேங்குக்குப் போனால் கொதிக்கும். மாறாக, அதே கலன் 60 டிகிரியில் ஓடினால், எண்ணெய் டேங்கில் ஆறும்போது ஆவியழுத்தம் வளிமண்டலத்துக்குக் கீழே இறங்கிவிடும். கோடையில் ஒழுங்காக இருந்த நிலையம் குளிர்காலத்தில் வரம்பு மீறுவதன் காரணம் இதுதான். குளிரில் எண்ணெய் அடங்கி இருப்பதுபோல் தோன்றும், உள்ளே வாயு அதிகம் தங்கியிருக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வரைபடத்தில் இது தெரியாது. வாயு பிரிந்தால் மட்டும் போதாது, குமிழி மேலே வந்து உடையவும் வேண்டும். லேசான எண்ணெய்க்குக் கலனுக்குள் ஒரு நிமிடம் தங்கினால் போதும். கனமான எண்ணெய்க்கு இரண்டு முதல் நான்கு நிமிடம் வரை வேண்டும். நுரைக்கும் எண்ணெய்க்கு அதுவும் பத்தாது. மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயில் ஒரு முறை பார்த்தால் மறக்காது: கோடு எங்கே என்றே தெரியாமல், காப்பிப் பொடி நிறத்தில் ஒரு நுரைப் பத்தி மெல்ல ஏறிக்கொண்டிருக்கும். கருவி பாதி மட்டம் என்று காட்டும், வாயுக் குழாய் வழியே எண்ணெய் போய்க்கொண்டிருக்கும். இப்படிப்பட்ட எண்ணெய்க்குக் கட்டங்களைக் கூட்டுவதைவிட ஒரு பெரிய கலனும் கொஞ்சம் வெப்பமும் நல்லது.

கடைசிக் கட்டத்தைச் சூடாக்குவது

முந்தைய பகுதியின் சுவரைத் தாண்ட மலிவான வழி இதுதான். ஹீட்டர் ட்ரீட்டர் எனப்படும் கலன், எண்ணெயில் குழம்பாகக் கலந்திருக்கும் தண்ணீரைப் பிரிப்பதற்காகப் பல நிலையங்களில் ஏற்கெனவே இருக்கிறது. அதையே இன்னும் சிறிது சூடாக, இன்னும் சிறிது குறைந்த அழுத்தத்தில் ஓட்டினால் வாயுவும் பிரிந்துவிடும். வட டகோட்டா விதியும் இதைத்தான் சொல்கிறது: 50 பிஎஸ்ஐக்கு மிகாத அழுத்தத்தில் ஓட்டினால் குறைந்தது 110 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 43 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்க வேண்டும். புதிய கருவி எதையும் கேட்கவில்லை, இருக்கும் கருவியை ஒழுங்காக ஓட்டு என்றது.

வெப்பத்துக்கு என்ன செலவாகும்? ஒரு நாளைக்கு 10,000 பேரல் எண்ணெயை 30 டிகிரி சூடேற்ற ஏறக்குறைய ஒரு மெகாவாட் வேண்டும். எண்ணெயோடு தண்ணீரும் வந்தால், கிலோவுக்குக் கிலோ அது எண்ணெயைப்போல் இரண்டு மடங்கு வெப்பத்தை விழுங்கும். ஆகவே தனியாகப் பிரியும் தண்ணீரை முதலில் வடித்துவிட்டு அப்புறம் சூடாக்குங்கள். இதைச் செய்யாமல் ஹீட்டர் போதவில்லை என்று இரண்டாவது ஹீட்டர் வாங்குபவர்கள் இருக்கிறார்கள்.

இந்த வழியின் உண்மையான விலை எரிபொருளில் இல்லை. சூடாக்கினால் மீத்தேனும் புரோப்பேனும் மட்டும் கிளம்பாது, பென்டேனும் ஹெக்சேனும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து கிளம்பும். ஒரே கலனில் ஒரே முறை ஆவியாக்கும்போது ஆளைப் பார்த்துப் பிரிக்க முடியாது. வரம்பைவிடக் கூடுதலாகச் சூடாக்கிய ஒவ்வொரு டிகிரியும் விற்கக்கூடிய எண்ணெயில் ஒரு பங்கை வாயுவாக்கி அனுப்புகிறது. எண்ணெயின் அளவும் குறையும், அடர்த்தியும் கூடும்.

அப்படிக் கிளம்பிய கனமான வாயுவுக்கு ஒரு கதை இருக்கிறது. அது வளிமண்டல அழுத்தத்தில் நிற்கிறது, வெளியே அனுப்பக் கம்ப்ரசர் வேண்டும். கம்ப்ரசரில் அமுக்கிக் குளிரவைத்தால் அதில் பெரும்பங்கு புரோப்பேன், பியூட்டேன் திரவமாக வடிகிறது. அந்தத் திரவத்தை எங்கே விடுவது? வழக்கமாக முந்தைய செப்பரேட்டருக்கே திருப்பி விடுவார்கள். அங்கே எண்ணெயில் கலந்து, ஹீட்டருக்கு வந்து, மறுபடி ஆவியாகி, மறுபடி கம்ப்ரசருக்கு. எண்ணெயும் ஏற்கவில்லை, வாயுவும் ஏற்கவில்லை, இரண்டுங்கெட்டான் நிலையத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் ஹீட்டருக்கும் கம்ப்ரசருக்கும் சுமை. வரைபடத்தில் அம்புக்குறி ஒன்றுதான், நிலையத்தில் அது மின்கட்டணம். வெப்பத்தைத் தேர்ந்தெடுத்தால் இந்தச் சுற்றிலிருந்து ஒரு வெளிவாசல் வேண்டும்: திரவத்தைத் தனியாக எடுத்து விற்கும் ஏற்பாடு, அல்லது அந்தக் கனமான வாயுவை அப்படியே வாங்கிக்கொள்ளும் குழாய். இரண்டும் இல்லையென்றால் அது ஃபிளேரில், அதாவது வேண்டாத வாயுவை எரித்துவிடும் குழாயின் முனையில், எரியும். அப்போது உங்கள் எண்ணெயில் ஒரு பகுதியைச் சூடாக்கி, ஆவியாக்கி, எரிக்கிறீர்கள் என்று பொருள்.

ஸ்டெபிலைசர் கோபுரம்

உயரமான கோபுரம், உள்ளே தட்டுகள் அல்லது அடைபொருள் (திரவமும் ஆவியும் தொட்டுக்கொள்ள நிரப்பும் துண்டுகள்), அடியில் எண்ணெயைக் கொதிக்கவைக்கும் ரீபாய்லர். எண்ணெய் மேலிருந்து இறங்குகிறது, அடியில் கிளம்பிய சூடான ஆவி மேலேறுகிறது. ஒவ்வொரு தட்டிலும் இரண்டும் சந்திக்கும்போது ஆவியில் இருக்கும் பென்டேன் எண்ணெய்க்குத் திரும்புகிறது, எண்ணெயில் இருக்கும் புரோப்பேன் ஆவிக்குப் போகிறது. செப்பரேட்டரில் ஒரு தடவை நடக்கும் பிரிவு இங்கே பல தடவை நடக்கிறது. அதனால் கோபுரத்தால் ஆளைப் பார்த்துப் பிரிக்க முடியும். ஒரே ஆவியழுத்த எண்ணுக்கு வரும்போது, கோபுரத்திலிருந்து வரும் எண்ணெய் சூடாக்கும் முறையில் வருவதைவிட அதிகமாக இருக்கும், ஏனென்றால் கனமானவை வீணாவதில்லை.

இரண்டாவது லாபம் பலருடைய கணக்கில் வருவதே இல்லை. கோபுரம் அழுத்தத்தில் ஓடும். வயலைப் பொறுத்துச் சுமார் 3 முதல் 14 பார் வரை. மேலே வெளிவரும் வாயு அந்த அழுத்தத்திலேயே கிடைக்கிறது. அதை 64 பார் குழாய்க்கு ஏற்ற இரண்டு கட்டக் கம்ப்ரசர் போதும். ஹீட்டர் ட்ரீட்டர் வாயுவுக்கு மூன்று கட்டம் வேண்டும், அதுவும் முதல் கட்டம் பெரிய உடம்புக்காரன். கோபுரத்தின் விலையை ஹீட்டரின் விலையோடு மட்டும் ஒப்பிட்டால் கோபுரம் தோற்கும். கம்ப்ரசரையும் சேர்த்து ஒப்பிட்டால் பல இடங்களில் கணக்கு மாறும்.

விலை இந்தப் பக்கம். அழுத்தம் கூடக் கூட அடியில் வெப்பமும் கூட வேண்டும். ரீபாய்லர் 100 டிகிரியைத் தாண்டும், சில இடங்களில் 200 ஐ நெருங்கும். நல்ல வேளையாக, அடியில் சூடாக வெளியேறும் எண்ணெயை வைத்தே உள்ளே வரும் எண்ணெயைச் சூடாக்கிக்கொள்ளலாம். வெப்பப் பரிமாற்றி இல்லாத கோபுரத் திட்டத்தை யாராவது நீட்டினால் திருப்பிக் கொடுங்கள். அடுத்தது உப்பு. எண்ணெயோடு உப்புத்தண்ணீர் உள்ளே போனால், ரீபாய்லரில் தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு குழாய்களின் மேல் படியும். படிந்த உப்புக்கு அடியில் அரிப்பு தொடங்கும். அதனால் கோபுரத்துக்கு முன்னால் தண்ணீர் பிரிப்பும் உப்பு நீக்கமும் கச்சிதமாக இருக்க வேண்டும். அந்தச் செலவும் கோபுரத்தின் கணக்கில்தான் சேரும். அப்புறம் ஓட்டம். வயலுக்கு வயதாகி உற்பத்தி இறங்கும்போது ஆவி குறைந்து தட்டுகளிலிருந்து திரவம் ஒழுகத் தொடங்கும், பிரிப்பு கெடும். முதல் ஆண்டின் உச்ச உற்பத்திக்குக் கட்டிய கோபுரம் எட்டாம் ஆண்டில் என்ன செய்யும் என்று இன்றே கேட்க வேண்டும். மிதக்கும் நிலையங்களில் கப்பல் ஆடினால் தட்டுகளில் மட்டம் சாயும். அங்கே தட்டுக்குப் பதில் அடைபொருள் வைப்பார்கள், அல்லது கோபுரமே வேண்டாம் என்று சூடாக்கும் முறைக்குப் போவார்கள்.

கோபுரத்தின் உச்சியில் குளிரூட்டி வைத்து ஆவியில் ஒரு பங்கைத் திரவமாக்கித் திருப்பி இறக்கும் வகையும் உண்டு. பிரிப்பு இன்னும் துல்லியமாகும். ஆனால் கச்சா எண்ணெய்க்கு அது பெரும்பாலும் மிகை. குளிர்ந்த எண்ணெயையே உச்சித் தட்டில் ஊற்றினால் அதுவே அந்த வேலையைச் செய்துவிடும்.

கோபுரம் தவிர்க்க முடியாதது எங்கே என்றால், ஹைட்ரஜன் சல்பைடு நிறைந்த எண்ணெயில். உலகின் மிகப் பெரிய நிலைப்படுத்தும் நிலையமான சவூதி அரேபியாவின் அப்கைக் இதற்கு உதாரணம். முதலில் கோளவடிவத் தொட்டிகளில் அழுத்தம் இறங்கி வாயு பிரிகிறது, அப்புறம் கோபுரங்களில் ஹைட்ரஜன் சல்பைடு உரித்து எடுக்கப்படுகிறது. 2019 செப்டம்பர் 14 அன்று அப்கைக்கும் குரைஸ் வயலும் தாக்கப்பட்டபோது ஒரு நாளைக்கு 57 லட்சம் பேரல் உற்பத்தி நின்றது. அந்நாட்டின் உற்பத்தியில் ஏறக்குறையப் பாதி. நிலத்துக்குக் கீழே எண்ணெய் அப்படியேதான் இருந்தது. பதப்படுத்தாமல் கப்பலில் ஏற்ற முடியாது என்பதுதான் சிக்கல். பல வயல்களுக்கு ஒரே மைய நிலையம் என்று திட்டமிடும்போது இந்த நாளை நினைத்துப் பார்ப்பது நல்லது.

வாயுவோடு வந்து திரவமாகும் மிக லேசான எண்ணெயான கண்டென்சேட்டுக்கும் கோபுரமே பொருத்தம். இதில் ஒரு வேடிக்கையான சட்ட முடிச்சும் இருந்தது. அமெரிக்காவில் கச்சா எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை இருந்த 2014 இல், கோபுரத்தில் பதப்படுத்திய கண்டென்சேட்டை ஏற்றுமதி செய்யலாம் என்று வணிகத்துறை அனுமதித்தது. வெறும் செப்பரேட்டர் வழியாக வந்தது கச்சா எண்ணெய், கோபுரம் வழியாக வந்தது வேறு பொருள்! 2015 டிசம்பரில் தடையே போய்விட்டது.

மீதி வழிகள்

உரிப்பு வாயு: கோபுரத்தின் அடியில் ரீபாய்லருக்குப் பதில் கந்தகம் இல்லாத வாயுவைச் செலுத்தி ஹைட்ரஜன் சல்பைடை விரட்டுவது. வெப்பம் அதிகம் வேண்டாம், உப்புத் தொல்லை குறைவு. ஆனால் செலுத்திய வாயுவில் ஒரு பங்கு எண்ணெயில் கரைந்து தங்கும், ஆவியழுத்தம் அவ்வளவாக இறங்காது. எதிரி ஹைட்ரஜன் சல்பைடு மட்டும்தான், ஆவியழுத்தம் ஏற்கெனவே வரம்புக்குள் என்றால் நல்ல தேர்வு.

ரசாயனம்: ட்ரையசின் வகை மருந்தைக் கலந்து ஹைட்ரஜன் சல்பைடைக் கட்டிப்போடுவது. சிறிய அளவுக்கு, அவசரத்துக்கு, கருவி வரும்வரை சரி. ஆவியழுத்தத்தை ஒரு புள்ளிகூடக் குறைக்காது. மேலும் அதில் உருவாகும் அமீன்கள் சுத்திகரிப்பு ஆலைக்குப் போய், வடிகோபுரத்தின் உச்சியில் குளோரைடு உப்பாகப் படிந்து அரிக்கும். வாங்குபவரிடம் சொல்லாமல் செய்யக் கூடாது.

டேங்க் ஆவி மீட்பு: டேங்கிலிருந்து கிளம்பும் ஆவியைச் சிறு கம்ப்ரசரால் உறிஞ்சிக் குழாய்க்கு அனுப்புவது. இதை நிலைப்படுத்தலுக்கு மாற்றாக விற்கிறார்கள். நான் அப்படி ஏற்பதில்லை. டேங்கில் லேசான வெற்றிடம் வந்தாலும் மூடியின் இடுக்கு வழியாகக் காற்று நுழையும், வாயுவில் ஆக்சிஜன் கலக்கும், குழாய்க்காரர் வாங்க மறுப்பார். இதைவிடச் சுத்தமான ஏற்பாடு, டேங்குக்கு முன்னால் ஒரு உயரமான மீட்புக் குழாய்க்கலன். எண்ணெய் அதன் உச்சிக்குப் போய் வளிமண்டல அழுத்தத்தை ஒட்டி இறங்கி, வாயுவை அங்கேயே விட்டுவிட்டு, தன் எடையாலேயே டேங்குக்கு வழியும். காற்று புக இடமில்லை. அமெரிக்காவில் 2012 முதல், ஆண்டுக்கு 6 டன் அல்லது அதற்கு மேல் ஆவி விடக்கூடிய புதிய டேங்குகள் அதில் 95 சதவீதத்தைப் பிடித்தாக வேண்டும். இப்படி ஒரு விதி உள்ள இடத்தில் மீட்பு எப்படியும் வரும். ஆனால் அது பின்னால் நிற்கும் வலை, முன்னால் செய்ய வேண்டிய வேலையைச் செய்யாது.

எதைத் தேர்வது

கந்தகம் இல்லாத நடுத்தர எண்ணெய், கிணற்றிலிருந்து சூடாகவே வருகிறது, குழாய் வழியாகப் பக்கத்து ஆலைக்குப் போகிறது என்றால் மூன்று கட்டச் செப்பரேட்டரும் மீட்புக் கலனும் போதும். இதற்குமேல் செலவழிப்பது தேவையில்லாதது.

அதே எண்ணெய் குளிர்ப் பகுதியில், லாரியிலோ ரயிலிலோ போகிறது என்றால் கடைசிக் கட்டத்தைச் சூடாக்குங்கள். ஹீட்டரை வாங்கும் முன் அந்தக் கனமான வாயுவுக்கு வாசல் எங்கே என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். வாசல் இல்லையென்றால் ஹீட்டரை வரம்புக்குத் தேவையான அளவுக்குமேல் ஒரு டிகிரிகூட ஏற்றாதீர்கள்.

எண்ணெய் லேசானது, உற்பத்தி பெரியது, வாயுவுக்கும் திரவ வாயுவுக்கும் வாங்குபவர் இருக்கிறார் என்றால் கோபுரம். மீட்கும் எண்ணெயும் மிச்சமாகும் கம்ப்ரசரும் சேர்ந்து அதன் விலையைத் திருப்பித் தரும். ஹைட்ரஜன் சல்பைடு வரம்புக்கு மேல் பல மடங்கு இருந்தால் உற்பத்தி நடுத்தரமாக இருந்தாலும் கோபுரமோ உரிப்போதான். அங்கே சூடாக்கும் முறையில் சிக்கனம் பார்ப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். எண்ணெயில் சிறு அளவில் இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு, டேங்கில் எண்ணெய்க்கு மேலே உள்ள காலியிடத்தில் பல மடங்காகச் செறிந்து நிற்கும். காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு என்ற அளவே உயிருக்கு உடனடி ஆபத்து எனக் குறிக்கப்பட்டது. அந்த அளவில் மூக்கு மரத்துப்போய் வாடையும் தெரியாது.

தயங்க வைப்பது நடுவில் இருக்கும் வயல்தான்: லேசான எண்ணெய், சிறிய உற்பத்தி, வேகமாக இறங்கும் கிணறுகள், வாயுக் குழாய் இரண்டு ஆண்டு கழித்துத்தான் வரும். இங்கே நிரந்தரக் கோபுரம் கட்டுவது அவசரம். சட்டகத்தில் பொருத்திய சிறு கோபுரத்தை வாடகைக்கு எடுத்து, உற்பத்தி இறங்கியதும் அடுத்த வயலுக்கு நகர்த்தலாம். அதுவும் முடியாவிட்டால் ஹீட்டரும் மீட்புக் கலனும் வைத்து, வாயுவில் ஒரு பங்கை அங்கேயே ஜெனரேட்டருக்கு எரிபொருளாக்கலாம். கனமான வாயுவை எல்லா எஞ்சினும் ஏற்காது, உற்பத்தியாளரிடம் கலவையைக் காட்டிக் கேளுங்கள்.

எந்த வழியானாலும் கணினிக் கணக்கை இரண்டு தடவை ஓட்டச் சொல்லுங்கள்: ஆண்டின் மிகக் குளிரான நாளின் கிணற்று வெப்பநிலைக்கு ஒன்று, மிகச் சூடான நாளின் டேங்க் வெப்பநிலைக்கு ஒன்று. சராசரி நாளுக்குப் போட்ட கணக்கு இரண்டு நாளிலும் தோற்கும். கருவிப் பட்டியலின் கடைசி வரியில், செலவு குறைக்கும்போது முதலில் வெட்டப்படும் ஒரு பொருள் இருக்கும்: டேங்க் மட்டத்தைத் தானாக அளக்கும் மானியும், கீழே நின்றே மாதிரி எடுக்கும் மூடிய குழாயும். அதை வெட்ட விடாதீர்கள். நிலைப்படுத்தல் ஒரு நாள் சரியாக ஓடாது, அந்த நாளில் யாரும் மேலேறி மூடியைத் திறக்க வேண்டிய அவசியம் இருக்கக் கூடாது.